ஊமத்தை இலையும் நாற்பத்தாறு கட்டங்களும்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தரத்தை 1960களில் காதால் அளந்தார்கள். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவர், களத்தில் கடலை காயப்போடுபவர், துறையூர்ச் சந்தைக்கு வண்டி ஓட்டிப் போகிறவர் என்று எல்லாரும் பள்ளிக்குள் கால் வைக்காமலே தினமும் ஆய்வு நடத்தினார்கள். ‘ஓரெண்டு ரெண்டு, ஈரெண்டு நாலு’ என்ற கூட்டுக்குரல் காற்றில் வந்தால் படிப்பு நடக்கிறது. அந்தக் குரல் நடுவில் நின்று, ஒற்றைக் குரல் வீறிட்டால் படிப்பு நன்றாகவே நடக்கிறது. பிள்ளையைச் சேர்க்க வருகிற அப்பாக்கள் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டதும் ஒன்றுதான். “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்செடுங்க.”

தலைமையாசிரியர் அதில் வல்லவர். மத்தியானத்துக்கு மேல் நாற்காலியில் அவருக்குக் கண் சொருகிவிடும். ஆனால் சத்தம் நிற்காது. நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளச் சட்டாம்பிள்ளை இருந்தான். பதினாறாம் வாய்ப்பாடு முடிந்ததும் மறுபடி இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து தொடங்குவோம். ஊர் நிம்மதியாக இருந்தது.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்தக் காது அளவுகோல் ஒரே ஒரு விஷயத்தைப் பிழையில்லாமல் அளந்தது: பள்ளி இன்றைக்குத் திறந்திருக்கிறதா, வாத்தியார் வந்திருக்கிறாரா. அதற்குப் பிறகு வந்த அளவுகோல்களில் பல, அந்த ஒன்றைக்கூட அவ்வளவு சரியாக அளக்கவில்லை என்பதை முப்பத்தைந்து ஆண்டுக்கும் மேலாக இடைநிலை ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பள்ளியை ஊர் மதிப்பிட்டது வெளியிலிருந்து. உள்ளே மதிப்பிடப்பட்டவர்கள் நாங்கள். சேர்க்கைக்கு ஒரே தேர்வு: வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தொடாவிட்டால் “அடுத்த வருஷம் கூட்டியாங்க.” எனக்குக் காது எட்டியது. பிறந்த தேதி என்னவென்று என் அம்மாவுக்குத் தெரியவில்லை. “பெருமழை பெஞ்சு ஏரி ஒடைஞ்சதே, அதுக்கு முந்தின அமாவாசை” என்றாள். தலைமையாசிரியர் அதை மனத்துக்குள் கணக்குப் போட்டு, ஜூலை மாதத்தில் ஒரு நாளை எழுதினார். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அந்த ஜூலையில்தான் பிறந்திருக்கிறோம். பிற்பாடு அந்தத் தேதிதான் என் ஓய்வையும் தீர்மானித்தது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வந்ததால், ஆண்டு முடியும்வரை மறுநியமனம் கிடைத்தது. ஒரு தொடக்கப்பள்ளி தன் மாணவனுக்கு அதைவிட என்ன செய்துவிட முடியும்?

இன்று காட்சி மாறிவிட்டது. மார்ச் பிறந்தாலே பள்ளிக்கூடம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, ஆசிரியைகள் இருவரும் நோட்டீசோடு தெருத்தெருவாக வருகிறார்கள். கட்டணமில்லை, காலை உணவு, மதிய உணவு, பாடநூல், நோட்டு, சீருடை, காலணி, புத்தகப் பை, வண்ணப் பென்சில், ஆங்கில வழியும் உண்டு. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “வேன் இருக்கா?” என்று கேட்கிறார்கள். இப்போது பள்ளிக்கூடம்தான் எட்டிக் காதைத் தொட வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கண்ணால் பார்க்கவும் ஒருவர் வருவார். பள்ளித் துணை ஆய்வாளர். ஊரில் அவர் டிப்டி இன்ஸ்பெக்டர். அவர் வருவதற்கு முந்தைய வாரம் எங்களுக்குப் பாடம் கிடையாது. தரத்தை உயர்த்தும் வேலை. பெரிய பையன்கள் ஊமத்தை இலை பறித்துவர வேண்டும், சின்னவர்கள் அடுப்புக்கரி கொண்டுவர வேண்டும். இரண்டையும் சேர்த்து அரைத்துக் கரும்பலகையில் தேய்த்துக் காயவைத்தால் அது முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். பெண்பிள்ளைகள் சாணம் கரைத்துத் தரை மெழுகுவார்கள். வாசலில் மாவிலைத் தோரணம். பதிவேட்டில் பெயர் இருந்தும் ஆடு மேய்க்கப் போய்விட்டவர்களைப் பிடித்துவர ஆள் போகும். அப்படியும் தலை குறைந்தால், ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விட்ட அண்ணன்மார் ஒருநாள் மட்டும் ஐந்தாம் வகுப்புக்குத் திரும்பி வருவார்கள். அவர்களுக்கு மீசை அரும்பியிருக்கும். கடைசி வரிசையில் குனிந்து உட்காரவைப்பார்கள்.

நான் நான்காவது படித்த ஆண்டு வந்தவர் கொஞ்சம் கவனமான மனிதர். என் பக்கத்தில் இருந்தவனை எழுப்பி வாசிக்கச் சொன்னார். அவன் புத்தகத்தை விரித்தான். எந்தப் பாடத்தில் விரியும் என்பது ஏற்கெனவே முடிவானது. அந்தப் பக்கம் மடங்கிக் கிடந்தது. தங்குதடையில்லாமல், நிறுத்துமிடத்தில் நிறுத்தி, அவன் வாசித்த அழகைப் பார்த்து எங்களுக்கே பெருமையாக இருந்தது. ஆய்வாளர் எழுந்துவந்து, அவன் கையிலிருந்த புத்தகத்தில் நாலு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, “வாசி” என்றார். அவன் வாசித்தான். பழைய பாடத்தையே, விட்ட இடத்திலிருந்து. தலைமையாசிரியர் ஓட்டுக்கூரையில் ஒழுகல் ஏதும் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பல ஆண்டு கழித்து அதே பள்ளிக்கு நான் ஆசிரியனாகப் போனபோது, பீரோவின் அடித்தட்டில் அந்தப் பார்வைப் புத்தகம் கிடைத்தது. அந்த நாளுக்கான குறிப்பு இப்படி இருந்தது: வாசிப்பு நன்று, உச்சரிப்பு தெளிவு, புத்தகத்தைப் பார்த்து வாசிக்கவும் பழக்கலாம். அதற்குக் கீழே, கரும்பலகை நல்ல நிலையில் உள்ளது என்று தனி வரி. அன்று பிரசிடெண்ட் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு என்பதும் எனக்கு நினைவிருக்கிறது. அது புத்தகத்தில் இல்லை.

இது எங்கள் ஊர்க் கைவரிசை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஆசிரியப் பயிற்சியில்தான் தெரிந்தது, நாங்கள் வெகு தாமதமாக வந்தவர்கள் என்று. இங்கிலாந்தில் 1862இல் பள்ளி மானிய விதிகளைத் திருத்தினார்கள். ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்வார்; தேறின தலைக்கு இவ்வளவு என்று பள்ளிக்கு மானியம். அதே சரக்கு சீக்கிரமே கப்பலேறி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் அரசு மானியத்துக்காக ஆய்வாளரின் வருகையை எதிர்பார்த்துப் பிள்ளைகளை மெருகேற்றினார்கள். இங்கிலாந்தில், கவிஞர் மாத்யூ ஆர்னால்டு பிழைப்புக்குப் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். சாமர்த்தியமாகத் தயார் செய்தால், உண்மையில் வாசிக்கத் தெரியாத பிள்ளையையும் வாசிப்புத் தேர்வில் தேற்றிவிடலாம் என்று அவர் அப்போதே அறிக்கையில் எழுதிவிட்டார். என் வகுப்புத் தோழன் நூறு ஆண்டுக்குப் பிறகு அந்த அறிக்கைக்குச் செயல்முறை விளக்கம் அளித்திருக்கிறான்.

ஊருக்குச் சத்தம், ஆய்வாளருக்குக் கரும்பலகை. அம்மாக்களிடம் மூன்றாவது ஓர் அளவுகோல் இருந்தது. இன்றுவரை எனக்கு அதில்தான் மரியாதை. “இன்னைக்கு என்ன போட்டாங்க?” 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியது. நான் படித்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து கேர் அமைப்பு அனுப்பும் பால்பவுடரும் மக்காச்சோள மாவும் வந்துகொண்டிருந்தன. மஞ்சள் நிறத்தில் அந்த உப்புமாவின் வாசனை வேப்பமரம் வரை வரும். கிளறியது சரியாக இருந்தால் அம்மா மறுநாள் தலை வாரி அனுப்புவாள். அடிப்பிடித்திருந்தால் “ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போ” என்பாள். மற்ற இரண்டு அளவுகோல்களையும் ஏமாற்றலாம். பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறவளை ஏமாற்ற வழியில்லை.

அந்த ஆண்டுகளில் பொருளாலும் தரத்தை அளந்தார்கள். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. முதல் மாநாடு 1958இல் கடம்பத்தூரில். ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சு, மணி, வரைபடம், நிலம் என்று கொடுத்தார்கள். உண்மையிலேயே பெரிய இயக்கம், இன்றைக்கு நினைத்தாலும் வியப்புதான். எங்கள் பள்ளிக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வந்தது. அதில் உபயதாரர் பெயர் எண்களைவிடப் பெரிதாக இருந்ததால் எங்களுக்கு மணி பார்க்கத் தெரிவதற்கு முன்பே அவர் பெயரை எழுத்துக்கூட்டத் தெரிந்துவிட்டது. பார்த்து வாசித்த முதல் வாசகம் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு நான் மேசையின் மறுபக்கத்துக்குப் போனேன். 1981இல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனோம். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. வகுப்புப் பதிவேட்டுத் தலைக்கணக்கும் சத்துணவுத் தலைக்கணக்கும் ஒத்துப்போகிறதா என்பது பள்ளித் தரத்தில் முக்கிய இடம் பிடித்தது. 1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம். எல்லாத் தொடக்கப்பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஒரு செட் கற்பித்தல் கருவி. எங்களுக்கும் ஒரு பெட்டி வந்தது. பூதக்கண்ணாடி, காந்தம், உலக உருண்டை, மரக் கனசதுரங்கள். இருப்புப் பதிவேட்டில் வரிசையாக எழுதி, பெட்டியைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளைகள் தொட்டால் உடையும். உடைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது? ஒவ்வொரு ஆய்விலும் பெட்டி திறக்கப்படும், எண்ணப்படும், மூடப்படும். பொருள்கள் பயன்படும் நிலையில் உள்ளன என்று குறிப்பெழுதுவார்கள். முழுக்க உண்மை. எதுவும் பயன்படுத்தப்படவில்லை.

அந்த வரிசையில் எனக்குப் பிடித்தது செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்தது. ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய முறையிலிருந்து எடுத்தது. ஒரு பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, சுவரில் ஏணிப்படமாக மாட்டியிருப்போம். ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கிற படியைப் பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு, தனக்குரிய வட்டத்தில் பாயில் உட்கார வேண்டும். சில வட்டங்களுக்கு ஆசிரியர் முழு உதவி, சிலவற்றுக்குக் கொஞ்சம், சிலவற்றில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. ஆளுக்கு ஒரு கட்டம். நாங்களும் தரையில் உட்கார்ந்தோம். காய்ச்சலில் ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட படியிலிருந்து தொடரலாம். ஒரே ஆசிரியர் மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிற ஊர்களில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. குறைகள் இருந்தன, அட்டைகள் கிழிந்தால் வேறு வராது, ஏணியைப் பிடித்துக்கொண்டே நிற்கிற ஆசிரியர்களும் உண்டு. ஆனாலும் மற்ற மாநிலங்களிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள்.

எங்கள் ஊரார் மட்டும் கலவரமடைந்தார்கள். சத்தம் கேட்கவில்லையே! ஒருநாள் ஒரு தகப்பனார் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க் கிராம சபையில் புகார் செய்தார். “வாத்தியாரு பாயில உக்காந்து புள்ளைங்களோட சீட்டு வெளையாடுறாரு. பாடமே நடத்துறதில்ல.” அந்த ஆண்டு ஜூனில் அவருடைய பையன் துறையூர் மெட்ரிகுலேஷன் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏறினான். அங்கே சத்தம் நன்றாகக் கேட்டது. ஆங்கிலத்தில் வேறு. நாங்கள் 1960களில் அடைந்திருந்த தரத்தை அவர்கள் கெட்டியாகப் பிடித்துவைத்திருந்தார்கள்.

ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஷாலா சித்தி வந்து சேர்ந்தது. 2015இல் தேசிய அளவில் உருவாக்கிய தரமதிப்பீடு. ஏழு பெரிய தலைப்பு, நாற்பத்தாறு தர அலகு, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. இதில் புதுமை என்னவென்றால், வெளியாள் வருவதற்கு முன்னால் பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டு எழுத வேண்டும். நல்ல நோக்கம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்துக்கொள் என்கிறார்கள். நானும் சக ஆசிரியையும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தோம். முதல் தலைப்பிலேயே சிக்கல். கழிப்பறைக்கு மூன்றாம் நிலை போட்டால், எல்லாம் நன்றாக இருக்கும்போது உங்களுக்கு எதற்கு நிதி என்பார்கள். முதல் நிலை போட்டால், இத்தனை நாள் தலைமையாசிரியர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பார்கள். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். நாற்பத்தாறு கட்டத்திலும் இரண்டு போட்டோம். பக்கத்துப் பள்ளிக்குப் போன் செய்து கேட்டோம். அவர்களும் சொந்தமாகச் சிந்தித்து இரண்டுதான் போட்டிருந்தார்கள். தர அலகுகளில் ஒன்றாவது, இந்தப் பள்ளியில் இன்று வராத பிள்ளை எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கலாம்.

இப்போது எல்லாம் கைப்பேசியில். காலையில் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு. எங்கள் ஊரில் சிக்னல் தண்ணீர்த்தொட்டிப் படிக்கட்டில்தான் கிடைக்கும்; ஆசிரியை அங்கே நிற்பதைப் பார்த்தாலே மணி ஒன்பதரை என்று தெரியும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையால் பிரித்து, அதற்கேற்ற பயிற்சி நூல் கொடுக்கிறார்கள். எட்டு வயதுக்குள் வாசிக்கவும் கணக்குப் போடவும் வந்துவிட வேண்டும் என்பது குறிக்கோள். கேட்டால் யாருக்கும் மறுப்பிருக்காது. மதிப்பீட்டையும் செயலியில்தான் ஏற்ற வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும். ஏற்றுகிற நேரத்தில் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது யார் என்று அந்த ஆசிரியையிடம் கேட்டேன். “அதான் சார் ஸ்மார்ட் போர்டு குடுத்திருக்காங்களே” என்றார். அவர் சிரிக்கவில்லை என்பதால் நானும் சிரிக்கவில்லை.

இவ்வளவு பீடிகைக்கும் காரணம் என் பேத்தி. மகனுக்குச் சென்னையில் வேலை, வாடகைக்குப் பயந்து குடும்பம் எங்களோடு ஊரில். குழந்தைக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. பிறந்த தேதி, நேரம், எடை எல்லாம் கணினிப் பதிவில் இருக்கிறது, காதைத் தொடச் சொல்ல யாருக்கும் தேவை வரவில்லை. மருமகள் படித்தவள், எதையும் விசாரிக்காமல் செய்யமாட்டாள். “மாமா, நீங்கதான் இத்தனை வருஷம் ஸ்கூல்லயே இருந்தீங்க. ஒரு நல்ல ஸ்கூலை எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கேட்டாள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. படிவம் கேட்டிருக்கிறது, மனிதர் கேட்டதில்லை.

முதலில் மஞ்சள் வேன் பள்ளிக்குப் போனோம். வரவேற்பறையில் ஏசி, மீன்தொட்டி, மேல்நாட்டு மலை ஒன்றின் படம். ஒரு பெண்மணி பேத்தியிடம் ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டார், சொன்னாள். “குட் கான்ஃபிடன்ஸ்” என்று எங்களிடம் அறிவித்துவிட்டுக் கட்டண அட்டையை நீட்டினார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வாசிப்பதைக் கேட்கலாமா என்றேன். “பேரண்ட்ஸை கிளாஸ்ரூமுக்குள்ள அலோ பண்றதில்ல சார்.” மருமகள் என்னை முறைத்தாள். கூகுளில் அந்தப் பள்ளிக்கு நாலரை நட்சத்திரம் இருக்கிறதாம். நட்சத்திரம் கொடுத்தவர்களும் வகுப்புக்குள் போனவர்கள் இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

மறுநாள் ஒன்றியப் பள்ளி. இங்கே யாரும் உள்ளே போகலாம். ஆடு ஒன்று போய்க்கொண்டிருந்தது. நான் அலுவலகத்துக்குப் போகவில்லை, நேரே பின்பக்கம் போனேன். ஒரு பள்ளியின் குணம் கழிப்பறையில் தெரியும். குழாயில் தண்ணீர் வந்தது, தாழ்ப்பாள் இருந்தது, பெண்பிள்ளைகள் தயங்காமல் போய்வந்தார்கள். அடுத்தது நூலக அலமாரி. புத்தகங்கள் முனை மடங்கி, அட்டை கிழிந்து, ஒன்றில் சாம்பார்க் கறையோடு இருந்தன. கறை எனக்குத் திருப்தி தந்தது. புதிதாக மின்னுகிற நூலகத்தை நான் கரும்பலகைத் திட்டப் பெட்டியிலேயே பார்த்துவிட்டேன். காலை உணவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம், மிச்சம் விழுமா என்று கேட்டேன். “பொங்கல் அன்னைக்குப் பத்தாதுங்க” என்றார். 2023இல் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் விரிந்த திட்டம் அது. என் அம்மா இருந்திருந்தால் அந்த இடத்திலேயே பேத்தியைச் சேர்த்திருப்பாள்.

பிறகு வாசிப்பு. பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்துகிற ஏசர் கணக்கெடுப்பில் ஊர் ஊராகப் போய், பிள்ளையின் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எழுத்து, சொல், பத்தி, சிறுகதை என்று படிப்படியாக வாசிக்கச் சொல்வார்கள். சிறுகதை என்பது இரண்டாம் வகுப்பு அளவு. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். மடங்கிய பக்கம் கிடையாது என்பதால் எனக்கு அந்த முறையில் நம்பிக்கை. என்னிடம் கதைத்தாள் இல்லை. சட்டைப் பையில் கூட்டுறவுச் சங்க நோட்டீஸ் ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்பில் நாலு பேரிடம் கொடுத்தேன். இரண்டு பேர் வாசித்தார்கள். ஒருத்தி நடுவில் நிறுத்தி, “தாத்தா, நிலுவைன்னா என்ன?” என்று கேட்டாள். சொன்னேன். “உங்களுக்கு நிலுவை இருக்கா?” என்று அடுத்த கேள்வி. மூன்றாவது பையன் சொல் சொல்லாக நடந்தான். நான்காமவன் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டான். தலைமையாசிரியை மறைக்கவில்லை. “அவன் இன்னும் அரும்புதான் சார். வந்து சேர்ந்ததே தீபாவளிக்கு அப்புறம்.”

ஓர் இடம் காலியாக இருந்தது. அந்தப் பிள்ளை எங்கே என்றேன். “அவங்க அம்மா இன்னைக்குக் கரும்பு வெட்டப் போறாங்க சார், தங்கச்சியைப் பாத்துக்கிட்டு இருப்பான். பாட்டி வந்ததும் கிளம்பிடுவான், பதினோரு மணி ஆகும்.” பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பையன் மூச்சிரைக்க வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தான். நான் நாற்பத்தாறு கட்டத்தையும் மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இதற்கு எதில் நம்பர் போடுவது?

மருமகளுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவள் கேட்ட கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தேன். “மேடம், அஞ்சு கிளாஸுக்கு ரெண்டே டீச்சரா?” ஆமாம் என்றார் தலைமையாசிரியை. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான். அறுபத்தொன்று ஆனால் மூன்று. பதிவேட்டைத் திறந்து காட்டினார். மொத்தம் அறுபது. பிறகு, இதுவரை எங்கள் யாரையும் பார்க்காத ஒரு கனிவோடு என் பேத்தியைப் பார்த்தார்.

அன்று இரவு மகனிடம் பேசினோம். கழிப்பறை, சாம்பார்க் கறை, நிலுவை, பதினோரு மணிப் பையன் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். அவன் ஏற்கெனவே எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். “அப்பா, நானும் கவர்மெண்ட் ஸ்கூலுக்கு எதிரி இல்ல. ஆறாவதுக்கு அங்கதான் சேக்கப்போறேன். ஆறுலருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்சாத்தான் மெடிக்கல்ல ஏழரை பர்சன்ட் ஒதுக்கீடு. காலேஜ் போனா புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம். அதுக்கும் ஆறாவதுலருந்துதான் கணக்கு. ஒண்ணுலருந்து அஞ்சு வரைக்கும் எங்க படிச்சாங்கன்னு யாரும் கேக்கப்போறதில்ல. அதுவரைக்கும் இங்கிலீஷ் வரட்டும். வேன் நம்ம தெருவுக்கே வருதாமே?”

கணக்கில் பிழை இல்லை. ஒதுக்கீடு 2020இல் வந்தது, உதவித்தொகை 2022இல்; இரண்டுமே தேவையான திட்டங்கள், அவற்றால் கல்லூரிக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். தொடக்கப்பள்ளி மட்டும் அந்த எக்செல்லில் எந்தக் கட்டத்திலும் வரவில்லை. நான் மேற்கொண்டு பேசவில்லை. மருமகள் வேன் நேரம் விசாரிக்கப் போன் எடுத்தாள்.

தலைமையாசிரியைக்குச் சொல்ல வேண்டுமே என்று மறுநாள் காலை போனேன். தண்ணீர்த்தொட்டிப் படிக்கட்டில் நின்று வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறவில்லை. அவருக்கு இது புதிதில்லை. கைப்பேசியைத் தாழ்த்திக்கொண்டு, “பரவால்ல சார். ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் ஒண்ணு நிலவரப்படிதான் கணக்கெடுப்பாங்க. அதுவரைக்குமாவது பாப்பாவை இங்க அனுப்புங்களேன்” என்றார்.